எழுபத்து நான்கின் பிற்பாதி

இசைத்தட்டை ஒருபோதும் படுக்கவைத்து அடுக்கக் கூடாது. ஒன்றின்மேல் ஒன்றாகப் பாரம் ஏறினால் அடியில் கிடப்பது மெல்ல வளையும். வளைந்த தட்டில் ஊசி ஏறி இறங்கும்போது பாடுகிறவருக்குச் சளி பிடித்ததுபோலக் கேட்கும். நிமிர்த்தி, சரியாமல், நெருக்கமாக, ஆனால் இறுக்காமல் வைக்க வேண்டும். அதனால்தான் நீங்கள் பெட்டிக்குள் கைவைத்தபோது கொஞ்சம் பொறுங்கள் என்றேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பழைய பொப் பாடல்களின் தரவரிசையைப் பற்றி வானொலியில் ஒரு நிகழ்ச்சி செய்யவென்று மல்லாவி வரை சைக்கிள் மிதித்து வந்திருக்கிறீர்கள், சுதர்சினி. எழுபதுகளில் எந்தப் பாட்டு எந்த வாரம் எத்தனையாம் இடத்தில் நின்றது என்று கேட்டு, இத்தனை இடப்பெயர்வுக்குப் பிறகு ஒருவர் என் வாசலுக்கு வருவார் என்று நான் நினைக்கவில்லை. பெட்டிகளைப் பார்த்துவிட்டு இரண்டு கேள்வி கேட்டீர்கள். எழுபத்து நான்காம் ஆண்டின் பிற்பாதித் தட்டுகள் மட்டும் ஏன் இல்லை என்பது ஒன்று. பரந்தனில் ஒருநாள் தில்லைநாதனின், அதாவது என், காது பிழைத்து ஒரு பெண் செத்துப்போனாள் என்று சனம் சொல்கிறதே, அது உண்மையா என்பது மற்றது. இரண்டுக்கும் ஒரே பதில்தான். ஆனால் ஒழுங்காகச் சொன்னால்தான் விளங்கும்.

முதலில் தரவரிசை எப்படி வேலை செய்தது என்று சொல்கிறேன். நேயர்கள் ஒவ்வொரு வாரமும் தமக்குப் பிடித்த பாட்டைத் தபாலட்டையில் எழுதி வானொலிக்கு அனுப்புவார்கள். அட்டைகளை எண்ணி, பத்தாம் இடத்திலிருந்து மேல்நோக்கி ஒலிபரப்புவார்கள். பத்துக்குள் வந்த ஒவ்வொரு தட்டையும் நான் வாங்கினேன். கிளிநொச்சியில் இசைத்தட்டிலிருந்து கசெற்றுக்குப் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை வைத்திருந்தேன். அதனால் கலியாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவர்கள் பழசை என்னிடம்தான் கொண்டுவந்து தள்ளுவார்கள். ஒரே பாட்டுக்கு மூன்று நான்கு தட்டு என் கைக்கு வந்தது அப்படித்தான்.

அவற்றை வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள். தட்டில் சுற்றிச் சுற்றிப் போகும் பள்ளம், ஊசி அதிகம் ஓடினால் சாம்பல் பூத்துவிடும். முதலாமிடம் பிடித்த சில பாட்டுகளின் தட்டு இன்றைக்கும் பளபளக்கும். பாடகரின் ஊரார் கூடியிருந்து அட்டை எழுதியிருப்பார்கள், வீட்டில் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். 'நனைஞ்ச குடை' என்றொரு பாட்டு, எழுபத்து நான்கு ஆவணியிலிருந்து கார்த்திகை வரை இரண்டிலும் மூன்றிலும் நின்று தள்ளாடியது. முதலாவதாக வரவேயில்லை. ஆனால் என்னிடமிருந்த அத்தனை பிரதிகளும் நரைத்துப்போயிருந்தன. அட்டை பொய் சொல்லும், தேய்மானம் சொல்லாது. தரவரிசை சொன்னது ஒன்று, சனம் கேட்டது வேறொன்று என்பதற்கு என்னிடமிருந்த ஒரே அத்தாட்சி அந்தப் பிற்பாதிப் பெட்டிதான். அதன் பெறுமதியை நீங்கள் ஒருவராவது விளங்கிக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன்.

இனி என் காது. கடையில் ஒரு விளையாட்டு இருந்தது. யாராவது ஊசியை வைத்து உடனே தூக்கிவிடுவார்கள். கிற்றார் ஒருமுறை அதிர்ந்தால் போதும், எந்தப் பாட்டு, எந்த வாரம், எத்தனையாம் இடம் என்று சொல்லிவிடுவேன். என் மனைவி விமலேஸ்வரி வீட்டில் எனக்குப் பின்னால் நின்று எத்தனையோ தரம் சோதித்துப் பார்த்தார். ஒருநாளும் பிழைத்ததில்லை.

தொண்ணூறில் சண்டை தொடங்கியதும் கடை போயிற்று. தட்டுகளோடு பரந்தனுக்கு வந்தோம். சந்தியிலிருந்து ஆனையிறவுப் பக்கம் கொஞ்சத் தூரத்தில் எங்கள் வீடும் வயலும். ஆனையிறவு இராணுவ முகாமிலிருந்து ஷெல் அடிப்பார்கள். எங்கள் பக்கமிருந்து, முகாமைச் சுற்றி நின்ற இயக்கப் பெடியளும் அடிப்பார்கள். இரண்டுமே முதலில் 'தும்' என்றுதான் கேட்கும். ஷெல் உயர எழும்பி வளைந்து வருகிறபடியால் ஏவும்போது குத்துகிற சத்தம் அதற்கு முந்தி வந்துவிடும். அந்த இடைவெளி ஒரு பொப் பாட்டின் முன்னிசை அளவு. ஊசி வைத்ததிலிருந்து பாடகர் வாய் திறக்கும் வரையான நேரம். அதற்குள் பதுங்குகுழிக்குள் இறங்கிவிட வேண்டும்.

வருவதையும் போவதையும் பிரிப்பது கடினமில்லை. கொங்கா மேளத்தின் நடுவில் உள்ளங்கை விழுவதுபோல அமுங்கிக் கேட்டால் முகாமிலிருந்து வருகிறது. ஓரத்தில் விரல் விழுவதுபோல வறண்டு கேட்டால் இங்கிருந்து போகிறது. இதை எல்லோருக்கும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தேன். ஒருவருக்கும் பிடிபடவில்லை. அதனால் சத்தம் கேட்டதும் அயலே என்னைப் பார்க்கும்.

"தில்லை அண்ணை, வாறதோ, போறதோ?"

"போறது. வேலையைப் பாருங்கோ."

முன்வீட்டில் கடை வைத்திருந்த விஜிதரன் பகிடிக்காரன். "அண்ணை, உங்கட காதைக் கழட்டி மதவடியில கொழுவி விடுங்கோ. நாங்கள் நிம்மதியாப் படுப்பம்" என்பார்.

"கழட்டினால் உன்ர கடன்காரர் வாற சத்தத்தை ஆர் உனக்குச் சொல்றது?" என்பேன்.

வீரையாவையும் சொல்ல வேண்டும். எழுபத்தேழுக் கலவரத்தோடு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். என் வயலில் வேலை செய்தான். என் வீட்டு வளவு ஓரத்தில் கொட்டில் போட்டு மனைவி தங்கம்மாவோடு இருந்தான். அப்போது எங்கள் பக்கம் பற்றரி கொண்டுவர அரசாங்கத் தடை. சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, அதில் தட்டைச் சுழல விடுவேன். மிதிப்பது வீரையா. ஒரே சீராக மிதிக்க நல்ல கால் வேண்டும், அவனுக்கு இருந்தது. குசி வந்தால் மட்டும் வேகம் கூடிவிடும்.

"மெல்ல மிதிங்க. பாட்டுக்காரன் ஓடுறான்" என்பாள் தங்கம்மா.

"ஆமிக்காரன் வாறான்னு யாரோ சொல்லிட்டாங்க போல. ஓடட்டும் விடு."

பதுங்குகுழியை வெட்டியதும் அவன்தான். நான் அளவு சொன்னேன். நேராக வெட்டக் கூடாது, பாதியில் மூலை திருப்பி வெட்ட வேண்டும். ஷெல் துண்டு நேராகத்தான் போகும், அதற்கு மூலை திரும்பத் தெரியாது. வாசல் பக்கம் இருக்கிறவருக்கு ஆபத்து உண்டு. மூலைக்கு அப்பால் இருக்கிறவருக்கு, தலைக்கு நேரே விழுந்தாலொழிய ஒன்றும் நடக்காது. பனங்குற்றி பரப்பி, மேலே மண் போட்டோம். உள்மூலையில் மாரித் தண்ணீர் ஏறாதபடி மண்ணால் உயரமாக ஒரு மேடையும் கட்டச் சொன்னேன்.

அந்த மேடையில் பெட்டிகளை வைத்தேன். காரணம் இருந்தது. ஷெல்லில் ஓடு உடைந்து வீட்டுக்குத் தகரம் போட்டிருந்தோம். பரந்தன் வெயிலில் தகரத்தின் கீழே இசைத்தட்டு ரொட்டிபோல வளையும். நிலத்தடியில் குளிர்ச்சி, வெளிச்சம் இல்லை, தூசி குறைவு. தட்டுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆட்கள் வாசல் பக்கத்தில் இருந்தோம்.

தங்கம்மா வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். ஒருநாள் என்னிடம் வந்து கேட்டாள்.

"ஐயா, உள்மூலையில ஒரு ஆள் குந்துற எடம் குடுத்தாப் போதும். வாசல்ல இருக்கப் பயமா இருக்குங்க."

நான் அவளுக்கு ஈரப்பதத்தைப் பற்றியும் மூச்சுக்காற்றைப் பற்றியும் விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்ற விமலேஸ்வரி வெளியே வந்தார்.

"ஏழு மாதப் பிள்ளைத்தாச்சியை வாசலில வைச்சுக்கொண்டு, பாட்டுப் பெட்டியை உள்ளுக்க வைச்சிருக்கிறியள். ஆரும் கேட்டால் என்ன சொல்லுவியள்?"

"ஆரும் கேக்கமாட்டினம்."

"நான் கேக்கிறன்."

நான் இரக்கமில்லாதவன் அல்ல. வாசலுக்கு முன்னால் இன்னும் இரண்டு வரிசை மண்மூட்டை போட ஏற்பாடு செய்தேன். வீரையா அடுக்கினான்.

அந்த நாள் கூட்டுறவுக் கடையில் நிவாரணம் கொடுத்தார்கள். விமலேஸ்வரியும் வீரையாவும் அதற்குப் போயிருந்தார்கள். முற்பகலில் கொஞ்சம் ஷெல் விழுந்தது. நான் விஜிதரனின் பதுங்குகுழிக்குள் இருந்துவிட்டு, ஓய்ந்த பிறகு வீட்டுக்கு வந்தேன். பதுங்குகுழி வாசலுக்கு வெளியே, மண்மூட்டைக்கும் அப்பால், இரண்டு பெட்டிகள் உச்சி வெயிலில் கிடந்தன. எழுபத்து நான்கின் முற்பாதி, பிற்பாதி.

குனிந்து உள்ளே பார்த்தேன். மூலைக்கு அப்பால் மண்மேடையில் பெட்டிகள் இருந்த இடத்தில் தங்கம்மா சாய்ந்து இருந்தாள். கால்களை நீட்டியிருந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க ஐயா. பத்திரமாத்தான் இழுத்து வச்சேன். ஒண்ணும் ஒடையல."

"வெயிலில கிடக்குது."

"அவரு வந்ததும் எடுத்து வச்சிரச் சொல்றேன். இப்ப எந்திரிக்கப் பயமா இருக்கு."

நான் பெட்டி மூடியில் கை வைத்துப் பார்த்தேன். சுட்டது. உள்ளே தட்டுகள் இளகத் தொடங்கியிருக்கும். ஒருமுறை வளைந்தால் திரும்ப நிமிர்த்த வழியில்லை. மூலையில் ஒருவர்தான் திரும்பலாம், அவள் வெளியே வராமல் நான் பெட்டியோடு உள்ளே போக முடியாது. இவ்வளவையும் நான் யோசித்துக்கொண்டு நிற்கும்போது ஆனையிறவுப் பக்கம் 'தும்' என்றது.

உள்ளேயிருந்து அவள் கேட்டாள்.

"வாறதா, போறதா ஐயா?"

"போறது. எங்கட பெடியள் அடிக்கிறாங்கள். வெளியில வந்து பெட்டியைத் தூக்கித் தா."

உடனே வந்தாள். வாசலில் கையூன்றி ஏறி, சேலையைத் தட்டிவிட்டு, முதல் பெட்டியைத் தூக்கி என் கையில் தந்தாள். நான் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய், மூலை திரும்பி, மேடையில் வைத்தேன். நேராக நிற்கிறதா என்று பார்த்தேன். அவள் இரண்டாவது பெட்டிக்குக் குனிந்திருப்பாள். அப்போது விழுந்தது.

நேரம் போதும் என்றுதான் நான் கணித்திருந்தேன். இரண்டு பெட்டியையும் ஏற்றிவிட்டு அவளும் வாசலுக்குள் வந்துவிடலாம். ஏழு மாத வயிற்றோடு ஒருவர் குனிந்து நிமிர எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. என் பக்கத்தில் பிழை என்றால் அது ஒன்றுதான்.

விஜிதரன் ஓடிவந்தபோது நான் நிலத்தில் இருந்து தட்டுத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அதிர்ச்சியில் புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்து அவர் என் தோளைப் பிடித்துத் தூக்கினார். ஒரு தட்டாவது தப்பியிருக்குமா என்றுதான் பார்த்தேன். 'நனைஞ்ச குடை'யின் பிரதிகளில் ஒன்றும் தப்பவில்லை.

விசாரிக்க வந்தவர்களிடம், பெடியள் அடிக்கிற சத்தம் என்று நினைத்துவிட்டேன் என்று சொன்னேன். அதற்குமேல் அவர்கள் கேட்கவில்லை. ஒருவர் இறந்தார் என்று எழுதினார்கள். வீரையா பக்கத்தில் நின்று, "ரெண்டுங்க" என்றான். அவர்கள் எழுதியதை மாற்றவில்லை.

செத்தவீட்டில் அவன்தான் என்னைத் தேற்றினான். "ஐயா மேல எனக்குக் கோவம் இல்ல. வேணும்னா சொன்னீங்க? காதுதானே, யாருக்கும் தப்பும்."

ஊர் முழுக்க அதையே சொன்னது. பாவம், அவருக்கும் வயது போகுதுதானே. அன்றிலிருந்து, சத்தம் கேட்டால் ஒருவரும் என்னைப் பார்ப்பதில்லை. விஜிதரனைப் பார்த்தார்கள். வாறதும் போறதும் அவருக்கு ஒன்றுதான். ஒருமுறை பிழையாகச் சொல்லி, மதவடியில் ஒரு கிழவருக்குக் கால் போயிற்று. அதற்குப் பிறகும் அவரைத்தான் கேட்டார்கள். வேலியோரம் நின்று, சரியான பதிலை வாய்க்குள் வைத்துக்கொண்டு, அதைக் கேட்டுக்கொண்டிருப்பது எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

விமலேஸ்வரி மட்டும் அப்படிச் சொல்லவில்லை. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள், சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எதிரே கதிரையில் இருந்தார்.

"ஊர் நினைக்குது உங்கட காது பிழைச்சுப் போச்செண்டு."

நான் சாப்பிட்டேன்.

"நான் உங்களுக்குப் பின்னால நிண்டு ஊசி வைச்சுப் பாத்தவள். அது பிழைக்காது."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு, சண்டையால் மூடியிருந்த பாதை திறந்த ஒருநாள் பூவரசங்குளத்தில் தங்கை வீட்டுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. எனக்கு அவர்மேல் மனத்தாங்கல் இல்லை. அந்த ஊரில் என்னைச் சரியாக மதித்தவர் அவர் ஒருவர்தான்.

தொண்ணூற்றாறில் எல்லோரும் இடம்பெயர்ந்தபோது மிச்சப் பெட்டிகளை உழவு இயந்திரத்தில் ஏற்றி இங்கே கொண்டுவந்தேன். ஏற்றித் தந்தது வீரையா. பிறகு அவன் எந்தப் பக்கம் போனான் என்று தெரியாது.

உங்கள் நிகழ்ச்சிக்கு வேண்டிய தட்டுகளை எடுத்துப் போங்கள், விளிம்பில் பிடித்தால் போதும். தங்கம்மாவைப் பற்றிச் சொல்வதும் விடுவதும் உங்கள் விருப்பம். ஆனால் என் பெயர் வருகிற இடத்தில் சனம் சொல்லித் திரிகிற அந்தக் கதையைத் திருத்திவிடுங்கள். அன்றைக்கு அவள் கேட்டபோது, அது வருகிறது என்று எனக்குத் தெரியும். சத்தம் அடங்க முதலே தெரியும். என் காதில் எந்தக் குறையும் இல்லை.