கமர்ஜஹானின் பதில்

முதலில் சாப்பிடுங்கள். பசியோடு ஒருவனை விசாரித்தால் கோபம் கூடுதலாக வரும். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் எத்தனை பிரியாணிக் கடை வந்தாலும் இந்த ஜெகபர் அலி கடையின் மணமே வேறு. மசாலா, என் தங்கை கமர்ஜஹானின் கைப்பக்குவம். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் அவளுக்கு இரண்டு காலும் நடக்காது. அம்மி முன்னால் உட்கார்ந்தால் கை மட்டும் ஓயாது.

ஜமாத்துப் பெரியவர்கள் ஐந்து வருஷம் கழித்தாவது அவளைப் பற்றிக் கேட்கிறீர்கள், சந்தோஷம். உங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு என்னையும் என் மனைவியையும் அழைத்தீர்கள். அவளை ஒருவர்கூட அழைத்ததில்லை. குறையாகச் சொல்லவில்லை. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

ஐம்பத்தெட்டாம் வருஷம் பக்ருதீன் பெண் கேட்டு வந்தான். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை, தங்கமான பையன். "நடக்காட்டி என்ன மச்சான், நான் தூக்கிட்டுப் போறேன்" என்று சிரித்தான். வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்க, வீட்டு ஆண் ஒருவர் திரைக்குள் போய்ப் பெண்ணின் சம்மதத்தைக் கேட்டுவந்து சொல்வதுதானே நம் வழக்கம். நான் போனேன்.

பச்சைச் சேலை கட்டிப் பூ வைத்திருந்தாள். "என்னண்ணே சொல்றாக?" என்றாள். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்குப் பயமாகிவிட்டது. இவள் போய்விட்டால் கடை என்னாவது?

"உன் காலைப் பாத்துத் தயங்குறாகம்மா. கெஞ்சிப் பாக்குறேன்."

பூவை எடுத்து மடியில் வைத்தாள். "கெஞ்சாதீகண்ணே. போகச் சொல்லுங்க."

வெளியே வந்து, "போகச் சொல்றா" என்றேன். ஒரு சொல்கூட நானாகச் சேர்க்கவில்லை. பக்ருதீன் தலையைக் குனிந்துகொண்டு போனான். பிறகு ஆத்தூரில் பெண் கட்டினான். மறுநாள் விடியலில் அம்மிச் சத்தம் கேட்டதும்தான் எனக்கு உயிரே வந்தது.

போன வாரம் அவன் அக்கா உம்மு சல்மா வந்து, "எங்க தம்பிய ஏன் வேணாம்னு சொன்னே?" என்று அவளிடமே கேட்டுவிட்டாள். அதனால்தான் நீங்களும் வந்திருக்கிறீர்கள். செய்தேன், மறுக்கவில்லை. அன்றிலிருந்து கமர்ஜஹான் என்னோடு பேசுவதில்லை. வேலைக் களைப்பாக இருக்கும். மற்றபடி இங்கே அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

அவள் வாயால் கேட்க வேண்டும் என்கிறீர்களா? உங்களுக்கு எதற்குச் சிரமம்? இருங்கள், நானே உள்ளே போய்க் கேட்டுவந்து சொல்கிறேன்.