நாலு விரல் வேட்டைக்காரன்

மனைவி: வைங்க. வலது காலை அப்படியே தரையில வைங்க.

காவலாளி: இப்பதானே துடைச்சிருக்கே. ஈரம்கூட காயல.

மனைவி: அதனாலதான் சொல்றேன்.

காவலாளி: கல்யாணமாகி இருபத்திரெண்டு வருஷம். துடைச்ச தரையில கால் வச்சதுக்கு நான் வாங்காத திட்டு இல்ல. இன்னைக்கு என்ன, வலிய வந்து அழைப்பு?

மனைவி: பேச்சைக் குறைங்க. அகழாய்வுக் குழியில இருந்து வந்த காலை இன்னும் கழுவலையே?

காவலாளி: எங்கே கழுவ விட்டே? செருப்பைக் கழட்டறதுக்குள்ளே பிடிச்சுட்டே.

மனைவி: நல்லது. அழுத்தி வைங்க... ம். இப்ப எடுங்க. குனிஞ்சு பாருங்க, எத்தனை விரல் பதிஞ்சிருக்கு?

காவலாளி: நாலு. இதென்ன புதுசா? கல்யாணமான புதுசுல வீடு மாத்தும்போது பீரோ விழுந்ததுல இருந்து சுண்டு விரல் தூக்கிக்கிட்டுதானே நிக்குது. தரையைத் தொடறதே இல்ல. உனக்குத் தெரியாததா?

மனைவி: எனக்குத் தெரியும். உங்க புரொபசருக்குத்தான் தெரியல.

காவலாளி: அவரை எதுக்கு இப்ப இழுக்கிறே?

மனைவி: மியூசியத்துல நாலு நாளா புது ஹாலைக் கழுவித் துடைக்கிற வேலை பார்க்கிறேன்ல. துணி போட்டு மூடி வச்சிருந்த படத்தை நேத்து சாயங்காலம் திறந்தாங்க. சுவர் முழுக்க ஒரே ஒரு கால்தடம். ‘எண்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்த ஏரிக்கரையில் நடந்த வேட்டைக்காரன்.’ அதுக்குக் கீழே, ‘வலது சுண்டு விரலைக் காட்டு விலங்கு ஏதேனும் கடித்திருக்கலாம்.’

காவலாளி: கடித்திருக்கலாம்னுதானே போட்டிருக்கு...

மனைவி: எந்த விலங்குங்க அது? நம்ம பீரோவா?

காவலாளி: மெதுவாப் பேசு. கதவு திறந்து கிடக்கு.

மனைவி: திறந்தே கிடக்கட்டும்.

காவலாளி: உலகத்துல சுண்டு விரல் பதியாதவன் நான் ஒருத்தன்தானா? எண்பதாயிரம் வருஷத்துல எத்தனை பேருக்கு எத்தனை...

மனைவி: கட்டை விரலைவிட ரெண்டாவது விரல் நீளம். குதிகால்ல குறுக்கே ஒரு வெடிப்பு. அந்த வெடிப்புக்கு ராத்திரி ராத்திரி களிம்பு தடவினவ நான். என்கிட்டேயே கதை விடறீங்க பாருங்க.

காவலாளி: தண்ணி குடு முதல்ல.

மனைவி: இந்தாங்க. குடிச்சுட்டுச் சொல்லுங்க.

காவலாளி: மூணு வருஷம் முன்னாடி. நாலு நாள் சேர்ந்தாப்ல லீவு வந்துச்சே. புரொபசர், அவர்கிட்ட படிக்கிற பசங்க எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்க, குழிக்கு நான் மட்டும் காவல். ரெண்டாம் நாள் மத்தியானம் வானம் கிழிஞ்ச மாதிரி மழை. தார்ப்பாய் ஒரு பக்கம் பிச்சுக்கிட்டுப் பறக்குது. கீழே அந்தப் பழைய சேத்துத் தரை. செருப்போட அதுல இறங்கக் கூடாதுன்னு சார் சொல்லிச் சொல்லி... பழக்கத்துல செருப்பைக் கழட்டிட்டு ஓடினேன். எண்பதாயிரம் வருஷமா இறுகிக் கிடந்த சேறு, அரை மணி மழையில களி மாதிரி ஆயிடுச்சு.

மனைவி: அதுல பதிஞ்சது.

காவலாளி: ஏழு. என்னோடது ஏழு. அப்புறம் வெயில் அடிச்சுக் காய்ஞ்சு, காத்துல மணல் வந்து ரொம்பிப் போச்சு. எனக்கே மறந்து போச்சு. லீவு முடிஞ்சு வந்த பொண்ணு ஒருத்தி பிரஷ்ஷால கூட்டறா... திடீர்னு ஓன்னு கத்தறா. எல்லாரும் ஓடறாங்க. நான் டீ போட்டுக்கிட்டு இருந்தேன்.

மனைவி: அப்பவே சொல்லியிருக்கலாமே.

காவலாளி: சொல்லத்தான் போனேன். கையில டீ டம்ளரோடவே போனேன். போய்ப் பார்த்தா சார் மண்டி போட்டு உட்கார்ந்திருக்கார், கண்ணுல தண்ணி. முப்பது வருஷமா இதைத்தான் தேடினேன்ப்பான்னு என் தோளைப் பிடிச்சுக்கறார். அந்த மனுஷன் மூஞ்சியைப் பார்த்து, சார் அது என் கால்னு எப்படிச் சொல்றது? நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். மறுநாள் காலையில பேப்பர்ல வந்துடுச்சு.

மனைவி: அதோட விட்டீங்களா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வந்தா, அந்த வேட்டைக்காரன் கதையை நீங்களே நின்னு சொல்றீங்களாமே.

காவலாளி: யாரு சொன்னா?

மனைவி: ஊரே சொல்லுது. ஆள் ஆறடி, சிங்கத்தோட ஒத்தைக்கு ஒத்தை நின்னான்னு.

காவலாளி: சிங்கம்னு நான் சொல்லல. நல்ல உயரம், பார்க்க லட்சணமா இருப்பான்னு மட்டும் சொன்னேன்.

மனைவி: அடடா. அந்த அடக்கத்தைச் சொல்லணும்.

காவலாளி: சிரிக்காதே. உள்ளே எனக்கு எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது. நான் மிதிச்ச சேத்தைக் கண்ணாடி போட்டு மூடி, அதுக்கு என்னையே காவலுக்கு வச்சிருக்காங்க.

மனைவி: அப்ப வாங்க, போய்ச் சொல்லிடுவோம். நாளைக்குக் காலையில திறப்பு விழா. அதுக்கு முன்னாடி சொன்னாத்தான் உண்டு.

காவலாளி: முடியாது.

மனைவி: ஏன்?

காவலாளி: ஏனா? இந்த வேலை நிரந்தரமானதே அந்தத் தடத்தாலதான். இந்த வீடு வந்ததும் அப்படித்தான். போகச் சொல்லிட்டா பொண்ணைக் கூட்டிக்கிட்டு எங்கே போய் நிப்பே?

மனைவி: எங்கேயோ நிப்போம். நின்னதே இல்லையா?

காவலாளி: சாருக்கு எவ்வளவு பெரிய அவமானம். வயசான காலத்துல...

மனைவி: அவமானம் எப்ப பெரிசுன்னு யோசிங்க. இன்னைக்கு நாம சொன்னா அவரே திருத்திப்பார். நாளான்னைக்கு வெளியூர்க்காரங்க வந்து பார்த்துக் கண்டுபிடிச்சா? கிழக்கு ஓரத்துல மூணு தடம் இருக்குன்னு ஒரு தடவை சொன்னீங்களே, அது என்னது?

காவலாளி: அது நிஜம். சத்தியமா நிஜம். மழைக்கு ஒரு மாசம் முன்னாடியே கண்டுபிடிச்சது. மேலே கல்லு மாதிரி சாம்பல் படிஞ்சிருந்தது, அதை உளியால தட்டித் தட்டி எடுத்தாங்க. பக்கத்துலயே மான் குளம்பும் இருந்துச்சு.

மனைவி: ஹால்ல அதோட அச்சு எங்கே இருக்கு தெரியுமா? கழிவறைக்குப் போற வழியில. நாலு நாளா அது மேல வாளியை வச்சுதான் துடைச்சேன், சும்மா ஏதோ பலகைன்னு நினைச்சு.

காவலாளி: அதுல விரல் சரியாத் தெரியாது. குதிகால் மட்டும்தான். இது அழகா இருந்ததால அதை ஓரங்கட்டிட்டாங்க.

மனைவி: ஆமா, லட்சணமான ஆளாச்சே. இது பொய்னு தெரிஞ்ச அன்னைக்கு அந்த மூணையும் எவனாவது நம்புவானா? எண்பதாயிரம் வருஷமா ஒருத்தர் கால்தடம் அழியாம கிடந்திருக்கு. உங்க ஏழு வந்து அந்த மூணையும் அழிச்சிடும்ங்க. அது பாவம். அவங்களும் யாரோ பெத்த பிள்ளைதானே. நடந்து போயிருக்காங்க. அது உண்மை. நம்ம பயத்துக்கு அவங்களைப் பொய்யாக்க முடியுமா? சட்டையை மாத்துங்க.

காவலாளி: இரு. யோசிக்க விடு.

மனைவி: மூணு வருஷம் விட்டாச்சு.

காவலாளி: உனக்கு நேத்துதானே தெரியும்.

மனைவி: ...ஆமா. நேத்துதான்.

காவலாளி: சரி. வரேன். ஏழும் என்னோடதுன்னு சொல்லிடறேன். ஆனா ஒண்ணு. அந்தச் சின்னதைப் பத்தி நீ வாயைத் திறக்கக் கூடாது.

மனைவி: எந்தச் சின்னது?

காவலாளி: பக்கத்துலயே சின்னக் கால் அஞ்சு இருக்கில்ல. படம் பார்த்திருப்பியே.

மனைவி: பக்கத்துப் படத்துல பார்த்தேன். ‘வேட்டைக்காரனின் மகன், வயது பத்து அல்லது பதினொன்று. சிறுவன் இங்கே நின்று தந்தையைப் பார்க்கிறான். பிறகு திரும்பிச் செல்கிறான்.’

காவலாளி: அதான். அது பழசு. அதைத் தொட வேண்டாம்.

மனைவி: அப்பன் பொய், மகன் மட்டும் நிஜமா? அது எப்படி?

காவலாளி: அது அப்படித்தான். முன்னாடியே இருந்துச்சு.

மனைவி: மழைக்கு முன்னாடியே?

காவலாளி: ஆமா.

மனைவி: நீங்க பார்த்தீங்க?

காவலாளி: பார்த்தேன்னு சொல்றேன்ல.

மனைவி: சத்தியமா?

காவலாளி: தொட்டதுக்கெல்லாம் சத்தியம் எதுக்கு?

மனைவி: அந்த மூணுக்குக் கேக்காமலே பண்ணீங்களே.

காவலாளி: ...நீ ஏன் இப்படிக் குடையறே?

மனைவி: அந்த மழை பெஞ்ச அன்னைக்கு நமக்குள்ளே பேச்சு இருந்துச்சா?

காவலாளி: அதை எதுக்கு இப்ப...

மனைவி: இல்ல. என்னை ஒரு வார்த்தை கேக்காம நம்ம ஃபிரிட்ஜைத் தூக்கி உங்க தம்பிக்குக் குடுத்தீங்க. ஒன்பது நாள் பேசல நான்.

காவலாளி: பத்து. பத்து நாள்.

மனைவி: எண்ணிக்கிட்டு வேற இருந்தீங்களா?

காவலாளி: வேற என்ன வேலை எனக்கு? வீட்டுல ஒரு சத்தம் கிடையாது. தட்டை வைக்கிற சத்தம் மட்டும்தான்... இங்கே பாரு. அன்னைக்கு மேற்கு மூலையில தார்ப்பாயை நான் கட்டவே இல்ல. கிழக்குப் பக்கத்தைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கறதுக்கே சரியா இருந்துச்சு. மழை விட்டுப் போய்ப் பார்க்கிறேன், மேற்கு மூலைக் கயிறு இறுக்கிக் கட்டியிருக்கு. ரெட்டை முடிச்சு, ஒரு காதை உள்ளே சொருகி. நம்ம துணிக்கொடியில தினமும் பார்க்கிற முடிச்சு. உலகத்துல வேற யாரும் அப்படிக் கட்ட மாட்டாங்க, அவிழ்க்கவும் முடியாது.

மனைவி: அப்ப உங்களுக்கு...

காவலாளி: தெரியும். அன்னைக்கே தெரியும். பத்து வயசுப் பையன் செருப்பைக் கடையில கேட்டு வாங்கறவ நீ. எனக்குத் தெரியாம போகுமா?

மனைவி: மூணு வருஷமா ஒரு வார்த்தை கேக்கலையே நீங்க.

காவலாளி: கேட்டா நீ ஆமான்னு சொல்லுவே. சொன்னா இப்ப மாதிரி கிளம்பி நிப்பே. வெளியாள் இறங்கக் கூடாத இடம் அது. உன்னை நிக்க வச்சு ஆளுக்கு ஒரு கேள்வி கேப்பாங்க. போட்டோ பிடிச்சுப் பேப்பர்ல போட்டு, இவதான் எண்பதாயிரம் வருஷத்துப் பையன்னு சிரிப்பாங்க. என்னை என்ன வேணா சொல்லட்டும், வேலையை விட்டுப் போன்னா போறேன். உன்னைப் பார்த்து ஒருத்தன் சிரிச்சா எனக்குத் தாங்காது. அதுக்குத்தான் இவ்வளவு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். வீடும் வேலையும் சும்மா சொன்னது.

மனைவி: ...கோபம் தீரலதான். ஆனா அப்ப குழிக்குப் பக்கத்துல இருந்த வாடகை வீட்டு ஜன்னல்ல இருந்து பார்த்தா, அந்தத் தார்ப்பாயோட நீங்களும் பறந்துடுவீங்க போல இருந்துச்சு. ஓடி வந்துட்டேன். கட்டி முடிச்சுட்டு ஒரு நிமிஷம் நின்னேன். திரும்பிப் பார்ப்பீங்களான்னு.

காவலாளி: பார்க்கலையே நான்.

மனைவி: பார்க்கல. ரோஷத்துலதான் திரும்பலைன்னு நினைச்சுக்கிட்டுப் போயிட்டேன்.

காவலாளி: மழைச் சத்தத்துல எதுவும் கேக்கலம்மா. தெரிஞ்சிருந்தா தார்ப்பாயை விட்டுட்டு வந்திருப்பேன்.

மனைவி: நல்லவேளை, தெரியல. அந்த மூணு தடமும் கரைஞ்சிருக்கும்.

காவலாளி: இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. நான் மட்டும் போறேன். என் ஏழு தடத்தை மட்டும் சொல்றேன். சின்னது யாரோடதுன்னு தெரியாதுன்னு சொல்லிடறேன், அவங்களே பார்த்துக்கட்டும். நீ வீட்டுல இரு.

மனைவி: சட்டையை மாத்துங்க. ஆறு மணி வரைக்கும்தான் சார் ஹால்ல உட்கார்ந்திருப்பார்.

காவலாளி: அவர் அங்கே இருக்கார்னு உனக்கெப்படித் தெரியும்?

மனைவி: காலையிலயே போய், ஹால்ல வச்சிருக்கிற அந்தச் சின்னக் கால் அச்சுல என் காலை வச்சுக் காட்டிட்டேங்க. குனிஞ்சு விரல் விரலாப் பார்த்தார், அப்புறம் பெரிசு யாரோடதும்மான்னு கேட்டார். அதை அவரே வந்து சொல்லுவார் சார்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.