மஞ்சள் கோட்டுக்கு உள்ளே ஆனந்தராஜா அண்ணன்

இந்த இரங்கல் கூட்டத்தை நடத்தித் தரும் சிறிதரன் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணனின் துணைவியார் ரஞ்சினி அக்கா அவர்களே, வேலை உடுப்போடு நேரே இந்த டூங்கபி மண்டபத்துக்கு வந்திருக்கும் எங்கள் கிடங்குத் தோழர்களே, உங்கள் துயரத்தில் எனக்கும் பங்குண்டு. பெயர் பாஸ்கர். பத்தாவது படித்தவன், அதுவும் இரண்டு தடவை. என்னைப் பேசச் சொன்னது சிறிதரன் ஐயாவின் பிழை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் அண்ணன், கிடங்கு அதிபர் ஆனந்தராஜா அவர்கள் நடத்தியது என்ன? வெளிநாட்டுச் சரக்கு, சுங்க அனுமதி கிடைக்கும்வரை தங்கும் கிடங்கு. பெரும்பாலும் மதுப் பெட்டிகள். ஆளைப் பார்த்து, இடத்தைப் பார்த்து, வரைபடத்தைப் பார்த்துச் சுங்கத் துறை உரிமம் தந்தது. அந்த வரைபடத்தின் எல்லைதான் தரையில் அடித்த மஞ்சள் கோடு. கோட்டுக்குள் போன சரக்கு அனுமதி இல்லாமல் வெளியே வரக் கூடாது. உள்ளே போகும் ஆளும் பதிவேட்டில் நுழைந்த நேரம், காரணம், வெளியேறிய நேரம் எழுத வேண்டும்.

அந்த வரைபடத்தை வரைந்த அறிவாளி யார்? நான்தான். டேப் பிடித்து அளந்து, பெருமையாக வரைந்து கொடுத்தேன். உரிமம் வந்த பிறகுதான் தெரிந்தது, இருந்த ஒரே கழிப்பறையைக் கோட்டுக்குள் வைத்துவிட்டேன் என்று. அவசரமாக ஓடிவரும் லாரி ஓட்டுநரும் கையெழுத்துப் போட வேண்டும்.

"அண்ணே, கோட்டைக் கொஞ்சம் தள்ளி அடிச்சிரலாமா?" என்றேன்.

"கீறினது நீர். மாத்தித் தரச் சொல்லி எழுதிக் கேப்பம். பதில் வாறவரைக்கும் எல்லாரும் சைன் வையுங்கோ."

பதில் வர ஏழு மாதம். இடையில் சோதனைக்கு வந்த அதிகாரியம்மா பதிவேட்டைப் புரட்டினார். பக்கம் பக்கமாக ஒரே காரணம். அவர் அண்ணனைப் பார்த்தார், அண்ணன் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். சிரியுங்கள், அண்ணனும் சிரித்தார்.

அடுத்த பிழைக்கு அவர் சிரிக்கவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் பிளாக்டவுனில் ஒரு கல்யாணம். பெண்ணின் அப்பா கிடங்கு வாசலில் நின்றார். "தம்பி, பின்னேரம் விருந்து. மாப்பிள்ளை வீட்டுக்கு முன்னால என்னெண்டு நிப்பன்?" நானும் பெண்ணைப் பெற்றவன். அவருடைய ஆறு பெட்டி விஸ்கிக்கு விடுவிப்பு அனுமதி வரவில்லை. எப்படியும் வந்துவிடும் என்று கோட்டுக்கு வெளியே தள்ளிவிட்டேன். மறுநாள் வந்தது. யாருக்குத் தெரிந்திருக்கும்? யாருக்கும் தெரிந்திருக்காது. அண்ணன் தாமே துறைக்கு எழுதினார். உரிமத்தை ஆறு வாரம் நிறுத்தி வைத்தார்கள். சரக்கு உள்ளே, நாங்கள் ஒன்பது பேர் வெளியே.

அந்தக் கடிதத்தில் என் பெயர் இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"லைசென்ஸ் என்ரை பேரில, பாஸ்கர். அப்ப பிழையும் என்ரைதான்."

இப்படி ஒருவரிடம் மாட்டிக்கொண்டவன் எப்படி வேலையை விடுவது? மெல்பர்னில் மகள் வர்ஷாவுக்குக் குழந்தை பிறந்த பிறகுதான் துணிந்தேன். போன மாதம் விலகல் கடிதத்தைக் கொடுத்தேன். அண்ணன் வாசித்தார். மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார். அந்த மேசையும் கோட்டுக்குள்தான். கழிப்பறையை வெளியே எடுத்தபோது மேசையை மறந்திருந்தேன்.

"உள்ளுக்க வந்திட்டுது. இனிப் பேப்பர் இல்லாமல் வெளிய போகாது."

இருவரும் சிரித்தோம். பதினொரு நாள் கழித்து, அதே மேசையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்.

இப்போது துறையின் கடிதம் வந்திருக்கிறது. உரிமம் அவர் பெயரில் இருந்தது. மாத முடிவுக்குள் இன்னொருவர் பொறுப்பேற்க விண்ணப்பிக்காவிட்டால் அதோடு முடிந்தது. சரக்கு வேறு கிடங்குக்குப் போகும். தற்காலிக விசாவில் எங்களோடு வேலை செய்யும் லதீஸ் எங்கே போவான்? ரஞ்சினி அக்காவால் இயலாது. துறையிடம் ஏற்கெனவே பெயர் உள்ள வேறொரு ஆள் யார்? சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். வரைபடத்தில் கையெழுத்துப் போட்ட என்னைத் தவிர யாரும் இல்லை. வீட்டில் பெட்டிகள் கட்டிக் கிடக்கின்றன. "அப்பா, வர்றீங்களா இல்லையா?" என்று வர்ஷா தினமும் கேட்கிறாள்.

நேற்று பதிவேட்டைத் திறந்தேன். அண்ணனின் கடைசி வரி. நுழைந்த நேரம் ஆறு நாற்பது. காரணம், வேலை. வெளியேறிய நேரம் காலி. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது யாருக்கு நினைவு வரும்? ஒருவருக்காக மற்றவர் எழுதக் கூடாது என்பது அவர் வைத்த விதி. அப்படியே விட்டுவிட்டேன்.

பிறகு உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பினேன். முன்பு விதி மீறியதுண்டா என்று ஒரு கேள்வி. ஆறு பெட்டி விஸ்கியை எழுதினேன், என் பெயரில். அதைப் பார்த்து மறுத்தாலும் மறுப்பார்கள். மறைத்து வாங்கினால் அது ஆனந்தராஜா அண்ணனின் கிடங்கா? கிடைத்தால், அவர் நடத்தியபடியே நடத்துவேன். இது இந்தச் சபையில் நான் தரும் வாக்கு.

அக்கா, இது அந்த டிராயரின் சாவி. என் விலகல் கடிதம் உள்ளேயே இருக்கட்டும். நானே வந்து கேட்டாலும் கொடுக்காதீர்கள்.