ஞாயிற்றுக்கிழமைப் பதிவு

நீங்கள் கொடுத்த டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். குறையாகச் சொல்லவில்லை சார், எதையும் அளவோடு பார்த்தே பழகிவிட்டது. பத்தொன்பது வருடமாக இதய ஆஸ்பத்திரியில் வேலை. வருகிறவர்களுக்கு நெஞ்சில் ஐந்து இடத்தில் வயர் ஒட்டி, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டி அனுப்புவேன். ஒரு நாள் முழுக்க அது துடிப்பைப் பதிவு செய்யும். மறுநாள் கழற்றிக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ரிப்போர்ட் எழுதி டாக்டரம்மா மேஜையில் வைப்பது என் பொறுப்பு. இத்தனை வருடத்தில் என் ரிப்போர்ட் ஒன்றுகூடக் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை. வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளுங்கள்.

என் மனைவியைப் பற்றித்தானே கேட்டீர்கள். வருகிறேன்.

இதயம் கடிகாரம் மாதிரி அடித்தால் நல்லது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தப்பு. நல்ல இதயம் நாம் மூச்சை இழுக்கும்போது கொஞ்சம் வேகமாகவும், விடும்போது கொஞ்சம் நிதானமாகவும் அடிக்கும். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் உள்ள இடைவெளி கூடிக் குறைந்துகொண்டே இருக்கும். ரொம்ப நாளாகப் பயத்திலோ மனச்சோர்விலோ கிடப்பவர்களில் பலருக்கு அந்த இடைவெளி இறுகிப்போய், தையல் மிஷின் மாதிரி ஒரே அளவில் விழும். இதை மட்டும் வைத்து எதையும் முடிவு கட்டக் கூடாது என்பார் டாக்டரம்மா. ஆனாலும் பேசிப் பார்ப்பதோடு பதிவையும் எடுத்துப் பார்ப்பது அவர் வழக்கம். வாய்விட்டுச் சொல்லத் தெரியாதவர்களுக்காவது உதவும் என்பார்.

என் மனைவிக்கு வாய்விட்டுச் சொல்லத் தெரியாது. எட்டு வருடத்தில் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. எள் என்றால் எண்ணெயாக நிற்பாள். அவள் மேல் நான் கை நீட்டியதே கிடையாது, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். திருத்துவேன், அவ்வளவுதான். டம்ளரை எங்கே கவிழ்க்க வேண்டும், துண்டை எப்படி மடிக்க வேண்டும், கடைக்குப் போனால் எத்தனை நிமிடத்தில் திரும்ப வேண்டும், இதெல்லாம். மடிப்பு சரியில்லையென்றால் அலமாரியில் இருப்பது அத்தனையையும் தரையில் எடுத்துப் போட்டுவிட்டு எதிரே நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன். அவள் முதலிலிருந்து மடிப்பாள். சில நாள் இரண்டு தடவை, சில நாள் நாலு தடவை. எங்கள் வீட்டிலிருந்து ஒரு சத்தம் வெளியே கேட்டதில்லை என்று பக்கத்து வீட்டிலேயே சொல்வார்கள்.

போன வருடக் கடைசியில் அவளுக்குச் சாப்பாடு குறைந்தது. குழாயைத் திறந்துவிட்டு மூட மறந்து நிற்பாள். ஒருநாள் மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"ஏங்க, ஒரு மூணு மாசம் அக்கா வீட்டுல இருந்துட்டு வரட்டுமா?"

"எதுக்கு?"

"மனசுல ஒண்ணுமே தோண மாட்டேங்குதுங்க. சந்தோஷமும் இல்ல, அழுகையும் வரல. பயம் மட்டும் இருக்கு."

"உடம்புக்கு ஒண்ணுமில்லாம மூணு மாசம் இன்னொருத்தர் வீட்டுல போய் உக்காந்தா நாலு பேர் என்ன பேசுவாங்க? டாக்டர் சொல்லட்டும், நானே பஸ் ஏத்தி விடறேன்."

நான் நியாயமான மனிதன் சார். சொன்ன சொல் மாற மாட்டேன். அவளும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மறுநாளே டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். அவள் அவ்வளவு வேகமாக ஒரு காரியம் செய்து நான் பார்த்ததில்லை. பதிவிலும் அப்படியே தெரிந்தால் ஓய்வுக்கும் மனநல டாக்டருக்கும் லெட்டர் தருகிறேன், உன் வீட்டுக்காரரிடம் நானே பேசுகிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். என்னைக் கூப்பிட்டு, "வீட்டு ஆளுதானே, லீவு நாள்ல நீங்களே மாட்டி விட்டுடுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மாட்டினேன். "இது பொய் சொல்லாதுல்லங்க?" என்று கேட்டாள். மிஷின் பொய் சொல்லாது என்றேன். பரணிலிருந்து ஒரு பையை இறக்கி, தூசி தட்டி, நாலு புடவையை உள்ளே வைத்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு பெட்டி கொண்டு வந்திருந்தேன். இன்னொன்றைச் சட்டைக்குள் நானே மாட்டிக்கொண்டேன். ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றுதான். தொழில் ஆர்வம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தேன். பெட்டி மாட்டியவர்கள் எந்த நேரத்தில் என்ன செய்தார்கள் என்று ஒரு சீட்டில் எழுதித் தர வேண்டும். அவள் ஒழுங்காக எழுதியிருந்தாள். நாள் முழுக்க அவள் துடிப்பு இறுகியே இருந்தது. மதியம் மூன்று மணியிலிருந்து ஒரு மணி நேரம் மட்டும் கொஞ்சம் இளகியிருந்தது. சீட்டில், "3: மொட்டை மாடிக்குப் போய்த் துணி எடுத்தேன். அங்கேயே உட்கார்ந்திருந்தேன்." நாலு பத்துக்குச் சட்டென்று மறுபடி இறுகிவிட்டது. சீட்டில், "4.10: அவர் எழுந்தார்." அவ்வளவுதான் எழுதியிருந்தாள்.

அந்த ஞாயிறு சாயங்காலம் அலமாரித் துணி அத்தனையையும் தரையில் இறக்கியிருந்தேன். அந்த நேரத்தில் அவள் துடிப்பு நிமிடத்துக்கு நூற்றுப் பதினெட்டு, ஒரே அளவில். எனக்கு அறுபத்தாறு. மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கி, பாடத்தில் போடுகிற படம் மாதிரி இருந்தது. அவள் தாளைப் பார்க்கிற யாருக்கும் எங்கள் வீடு தெரிந்துபோகும். பத்தொன்பது வருடம் எனக்கு மரியாதை கொடுத்த ஆஸ்பத்திரி. வெட்கமாக இருந்தது சார், மறைக்க மாட்டேன்.

என் பதிவுக்கு அவள் பெயரைப் போட்டேன். அவள் பதிவுக்கு என் பெயரைப் போட்டுக் கம்ப்யூட்டரில் வைத்தேன். ஒரு பதிவை அழிப்பது எனக்குப் பிடிக்காத வேலை.

அன்று கூட்டம் அதிகம். டாக்டரம்மா முதல் பக்கத்தை மட்டும் பார்த்தார். "உன் இதயம் என்னோடதைவிட நல்லா இருக்கும்மா. நல்லா சாப்பிடு, நட. ஒரு மாசம் கழிச்சு வந்து பாரு" என்று தட்டிக்கொடுத்தார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது கேட்டாள்.

"அப்போ எனக்கு ஒண்ணுமே இல்லையா? நான்தான் நடிக்கிறேனா?"

"மிஷின் பொய் சொல்லாதுன்னு அன்னிக்கே சொன்னேனே."

பையிலிருந்து புடவைகளை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டுப் பையைப் பரணில் ஏற்றினாள். அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை, டாக்டரிடம் திரும்பப் போகவும் இல்லை. ஐந்து வாரம் துண்டு மடிப்பில் ஒரு குறை கிடையாது. எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆறாவது வாரம் புதன்கிழமை, நான் வேலையில் இருந்தபோது, அவள் தன் உயிரை முடித்துக்கொண்டாள்.

அவள் அக்கா வந்து, "ஒரு போன் பண்ணியிருந்தா ஓடி வந்து கூட்டிட்டுப் போயிருப்பேனே, பாவி மகளே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவள் போன் எப்போதும் என் சட்டைப்பையில்தான் இருக்கும் என்பது அவருக்குத் தெரியாது. எனக்கு அழுகை வரவில்லை. வர வேண்டுமே என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குப் போனேன். டாக்டரம்மாவுக்கு என் மேல் ரொம்ப இரக்கம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரில் என் பெயரைத் தேடி, அதில் கிடந்த பதிவைத் திறந்தார். முகம் மாறிவிட்டது. "என்னங்க இது, இவ்வளவு மோசமா இருக்கு. இத்தனை பாரத்தை மனசுல வெச்சுக்கிட்டா தினமும் வேலைக்கு வந்தீங்க?" என்றார். அந்த இடத்திலேயே எனக்கு மூன்று மாத ஓய்வுக்கு லெட்டர் எழுதினார். நான் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள்தான் அவர் தேதியைக் கவனித்திருக்கிறார். ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே வீடு, இரண்டு பதிவு. என் மனைவியின் ரிப்போர்ட்டை எடுத்து, பின்னால் குத்தியிருந்த சீட்டைப் படித்தார். சீட்டில்லாமல் ரிப்போர்ட் வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை, கை தானாகக் குத்தி வைத்துவிட்டது. எனக்குப் போன் செய்தார்.

"மூணு மணிக்கு மாடி ஏறித் துணி எடுத்தேன்னு எழுதியிருக்கா. அந்த நேரம் துடிப்பு அம்பத்துநாலு. மாடி ஏறுறவ எப்படிங்க தூங்குவா?"

அது என் மதியத் தூக்கம். என் வேலையில் நடந்த ஒரே தவறு அந்தச் சீட்டைக் குத்தியதுதான்.

ஆமாம் சார், மாற்றியது நான்தான். தெரிந்துதான் மாற்றினேன். அவளை அனுப்ப எனக்கு மனமில்லை. அவளுக்கு நோய் என்று என்னைவிடத் தெளிவாகப் பார்த்தவர் வேறு யாரும் இல்லை. வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் அந்த ஓய்வு லெட்டரையும் இதோடு சேர்த்து வையுங்கள், அனுபவமுள்ள டாக்டர் எழுதியது. நான் இத்தனை வருடம் எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறேன் என்பது அதைப் படித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.