பொறுக்குற சூடு

இல்ல தங்கச்சி, நீ உக்காரு, பாயி பெருசுதான். எங்க வீட்டுக்காரரு நீட்டிப் படுத்தா இதுவே பத்தாது. இப்பதான் அவரு உள்ள கட்டில்ல கெடக்காரே, எடம் இருக்கு. அந்தப் பக்கம் வெயிலு வரும், இப்படித் தள்ளி வா. மாமியாருக்கு வாந்தி நின்னுச்சா? நின்னுடும், பயப்படாத. கெணத்துத் தண்ணிய கொதிக்க வெச்சுக் குடுத்தீங்களா இல்ல அப்படியேவா? அதான பாத்தேன். எல்லா வீட்டுலயும் அதே கததான். சொன்னா யாரு கேக்குறா.

இரு. அந்த நர்ஸு என்னையா பாத்துச்சு? கூப்புட்டுச்சா?

போயிருச்சா. சரி.

போகணும். போறேன் போறேன். ஒரு காயிதம் இருக்கு, அதுல நான் கையெழுத்துப் போடணும். காலைல இருந்து மூணு தடவ வந்து கூப்புட்டுட்டாங்க. இதோ வரேன், மூஞ்சி கழுவிட்டு வரேன்னு சொல்லிட்டு இங்க வந்து உக்காந்துட்டேன். மூஞ்சியும் கழுவல.

என்ன காயிதமா? அவரு கால எடுக்கத்தான். எடது காலு. டாக்டரு பேனாவ எடுத்து அவரு கணுக்காலுக்கு மேல ஒரு கோடு போட்டாரு. இன்னைக்கே எடுத்துட்டா இந்தக் கோட்டோட போயிடும், நாளைக்குன்னா முட்டிக்கு மேல, அதுக்கப்புறம்னா என்னைக் கேக்காதீங்கன்னாரு. துணி தைக்கிறவன் அளவெடுக்குற மாதிரி அவ்ளோ நிதானமா சொல்றாரு.

அவருகிட்டயா கேட்டாங்க? கேட்டாங்க. அவரு செவுத்தப் பாத்துட்டு, எம் பொண்டாட்டி சொல்றபடின்னுட்டாரு. முப்பத்தோரு வருஷத்துல ஒரு நாளு நான் சொன்னபடி கேட்டிருப்பாரா அந்த மனுஷன்? இப்பப் போயி கேக்குறாரு.

நாங்க வடக்குத் தராவா தீவு. காயலத் தாண்டிப் படகுல வந்தோம். அவரு தென்னம்பாள சீவி பதனி எறக்குறவரு. தெக்கானேன்னு அவரு பேரச் சொல்லிக் கேட்டா எங்க பக்கம் எல்லாருக்கும் தெரியும். பேரு தெரியலன்னாலும் பாட்டு தெரியும். மரத்துமேல ஏறுனா பாடணும்ல, கீழ போற பொம்பளைங்களுக்கு மேல ஆளு இருக்குன்னு தெரிய வேணாமா. உங்க வீட்டுலயும் பாடுவாங்களா? உங்க வீட்டுக்காரரு ஆபீஸா, அது சரி. எங்க ஆளுக்கு ஆறு மரம். காலைல ஆறு, சாயந்தரம் ஆறு. நான் அடுப்புகிட்ட உக்காந்துகிட்டே பாட்ட வெச்சு எந்த மரத்துல இருக்காருன்னு சொல்லிடுவேன். கோணல் மரத்துல மட்டும் மூச்சு வாங்கும், அங்க மெதுவான பாட்டு. ஆறு நாளா அந்த மரமெல்லாம் சும்மா நிக்குது தங்கச்சி. ஒத்தக் காலோட எப்படி ஏறுவாரு, சொல்லு.

எப்படி ஆச்சா? மீனு. போன சனிக்கெழம தண்ணி வத்தி இருந்துச்சு, பவளப்பாறைல நடந்து போயிருக்காரு. கல்லு மாதிரியே கெடக்குமே, முதுகுல முள்ளோட, அதத்தான் மெதிச்சுட்டாரு. ஆமா, அதேதான். உனக்கே ஒடம்பு கூசுது பாரு. அத மெதிச்சவன் போடுற சத்தம் அடுத்த ஊருக்குக் கேக்கும். எங்க பாதிரியாரு ஒரு தடவ மெதிச்சாரு. அன்னைக்கு அவரு வாயில வந்த வார்த்தைங்கள நாங்க இன்னமும் சொல்லிச் சிரிக்கிறோம், அவரு இல்லாதப்ப.

இவரு என்ன பண்ணாரு தெரியுமா? நடந்து வந்தாரு. தானா நடந்து வீட்டுக்கு வந்து, மேடைல உக்காந்து, ஏதோ குத்திருச்சு போல, டீ போடுன்னாரு. நான் கால தூக்கிப் பாத்தா மூணு ஓட்ட. சுத்தி நீலமா வீங்கி இருக்கு. ஐயோ வலிக்கலயான்னா, கொஞ்சம் மதமதன்னு இருக்கு, அவ்ளோதான்ங்குறாரு. ஊரே வந்து பாத்துச்சு. ஆம்பளன்னா இவன்டா, இவனுக்கு எலும்பு இரும்புன்னு ஆளாளுக்கு முதுகுல தட்டுனாங்க. நானும்தான் பெருமையா நின்னேன். எல்லாருக்கும் டீ போட்டுக் குடுத்தேன். அன்னைக்குச் சாயந்தரம் அந்தக் காலோட ஆறு மரமும் ஏறுனாரு.

தைரியம்னு நெனச்சோம் தங்கச்சி. தைரியமும் இல்ல ஒண்ணும் இல்ல. கால்ல உணர்ச்சியே இல்லயாம். சக்கர. எத்தன வருஷமோ தெரியல, உள்ளுக்குள்ளயே இருந்து கால தின்னுருக்கு. இங்க வந்ததும் விரல்ல குத்தி ரத்தம் எடுத்து அந்தச் சின்ன மெஷின்ல வெச்சாங்க. நம்பரே வரல. நம்பருக்கு மேல போயிருச்சாம், வெறும் எழுத்து வந்துச்சு. நர்ஸு இன்னொரு மெஷின் கொண்டாந்துச்சு, அதுலயும் அதே எழுத்து.

என்ன சாப்புடுறீங்கன்னு டாக்டரு கேட்டாரு. மீனுன்னேன். பொய்யா? மீனுதான் சாப்புடுறோம். மீனுக்கு அடியில எவ்ளோ சோறு இருக்குன்னு அவரு கேக்கல, நானும் சொல்லல. அப்புறம் என்ன குடிக்கிறீங்கன்னாரு. மரத்துல இருந்து எறங்குன ஒடனே முத சிரட்ட பதனி அவருக்கு. மிச்சத்துல பாதி எனக்கு. மத்தத காய்ச்சிப் பாகாக்கி வெச்சுக்குவோம், டீக்கு அதுதான், சோத்து மேலயும் அதுதான். வீட்டுக்கு வந்தவங்களுக்கு இனிப்பு கொறச்சுக் குடுத்தா மூஞ்சி பாக்க முடியுமா? அம்மா பால் நின்னதுல இருந்து பதனி குடிச்சு வளந்த ஆளுங்க நாங்க. அது எப்படிக் கெடுதல் பண்ணும்னு கேட்டேன். டாக்டரு அதையும் எழுதிகிட்டாரு.

நீயும் மூணு கரண்டி போடுறியா? கொறச்சுக்கம்மா. சின்ன வயசு.

இல்ல, மீனு முள்ளால இல்ல. அதான் உனக்குச் சொல்ல வந்தேன். மீனு வெஷம் ரெண்டு நாளுல எறங்கிருக்கும்னு டாக்டரே சொல்லிட்டாரு. அந்த மூணு ஓட்டயோட விட்டிருந்தா, வந்து ஊசி போட்டிருந்தா, இந்தக் கோடெல்லாம் போட்டிருக்கவே மாட்டாராம். புண்ணு அதால இல்ல. வெந்நியால.

எங்க ஊருக்கு மாசம் ஒரு தடவ அகினெசின்னு ஒரு நர்ஸு வரும். நல்ல பொண்ணு. ஊரு மண்டபத்துல எங்கள எல்லாம் உக்கார வெச்சுப் பாடம் எடுக்கும். வெட்டுக்காயத்துல எச்சி தடவாதீங்க, சாம்பல அப்பாதீங்க, புள்ளைங்களுக்குக் கையக் கழுவுங்கன்னு. முள்ளு மீனு குத்துனா என்ன செய்யணும்னும் சொல்லிக் குடுத்துச்சு. கால வெந்நியில வெக்கணும், ஆறுனா மறுபடி ஊத்தணும், ஒண்ணர மணி நேரம். சூட்டுக்கு அந்த வெஷம் செத்துருமாம். ஆனா ஒண்ணு ரொம்ப முக்கியம்னு வெரல ஆட்டி ஆட்டிச் சொல்லுச்சு, குத்துப்பட்டவங்க...

ஐயோ, கதவு தொறக்குது. யாரு, வண்டில யாரு வராங்க? அவரா?

இல்ல. யாரோ பெரியவரு. பாத்தியா, போர்வைக்குக் கீழ ஒரு பக்கம் தட்டையா இருக்கு. இன்னைக்கு மட்டும் ரெண்டு பேரு இப்படிப் போயிட்டாங்க. அந்தத் தூணோரம் உக்காந்திருக்காரே, அவருக்கும் ஒரு காலுதான். அவரு சிரிச்சுப் பேசிகிட்டு இருக்காரு. எப்படிச் சிரிக்கிறாருன்னே புரியல.

தண்ணி இருக்கா? குடு. நல்லா இரு.

என்ன சொன்னேன்? வெந்நி. ஆமா. அவரு வேணாம்னாரு தங்கச்சி. எனக்கு வலியே இல்ல, எதுக்குடி வெந்நின்னாரு. நான்தான் விடல. படிச்ச பொண்ணு வந்து சொல்லிக் குடுத்துருக்கு, சொன்னபடி செய்யணும், வெஷம் மேல ஏறுனா என்ன பண்றதுன்னு அவரப் புடிச்சு உக்கார வெச்சேன். மரம் ஏறி எறங்குன களைப்பு வேற. கால சட்டிக்குள்ள வெச்சுகிட்டு அப்படியே தூணுல சாஞ்சு தூங்கிட்டாரு. வெந்நியில கால வெச்சவன் தூங்குவானா? அப்பவாவது எனக்கு ஒறச்சிருக்கணும். பாவம், நல்லா எதமா இருக்கு போலன்னு நெனச்சு பக்கத்துலயே உக்காந்து கெட்டில் கெட்டிலா ஊத்துனேன். விசிறியும் விட்டேன், அவரு மூஞ்சிக்கு.

மறுநாளு காலைல தோலு காலுறை மாதிரி கழண்டு வந்துச்சு. அப்பவும் அவரு வலிக்கலன்னுதான் சொன்னாரு. வாழ இலை கட்டி வெச்சேன். புதன்கெழம வாட வந்துச்சு. நேத்து கட்ட விரலு கருப்பு.

டாக்டரு அவரக் கேட்டாரு. வெந்நி யாரு ஊத்துனது, சூடு யாரு பாத்ததுன்னு. நான் கட்டிலுக்குப் பின்னாடி நிக்கிறேன். அவரு கண்ண மூடிகிட்டே சொல்றாரு, நான்தான் டாக்டர், என் கால நானே வெச்சுகிட்டேன், பொண்டாட்டி வீட்டுல இல்லன்னு. நான் வாயத் தொறக்கல. தொறந்திருக்கணும்ல? முப்பத்தோரு வருஷம் கோணல் மரத்துல ஏறி எனக்குப் பதனி எறக்குன காலு. அத நான் அவிச்சுட்டு, இப்ப நானே கையெழுத்தும் போடணும்.

சூடு பாக்காமலா? யாரு சொன்னா? பாத்தேனே. அததான் அகினெசி வெரல ஆட்டிச் சொல்லுச்சு, குத்துப்பட்டவங்க கால நம்பாதீங்க, வலியில அவங்களுக்குச் சூடு தெரியாது, நல்லா இருக்குற ஒருத்தங்க முதல்ல வெச்சுப் பாருங்க, பொறுக்குற சூடா இருக்கணும்னு. நான் அப்படியேதான் செஞ்சேன். ஒரு எழுத்து மாத்தல.

கையிலயா? எங் கையத் தொட்டுப் பாரு. தணல்ல சீமப்பலா பொரட்டி, மட்ட உரிச்சு, பாகு கிண்டி, இந்தக் கையில என்ன சூடு தெரியும்? வெரலால நெருப்பே எடுப்பேன். கைய நம்ப வேணாம்னு கால வெச்சேன். ஒவ்வொரு தடவ ஊத்துறப்பவும் மொதல்ல எங் கால வெச்சு, இருபது எண்ணி, அப்புறந்தான் அவரு கால வெச்சேன்.

வெதுவெதுன்னுதான் இருந்துச்சு தங்கச்சி. சத்தியமா. பத்தலன்னு இன்னொரு கெட்டில் ஊத்துனேன்.

இதா, எங் காலா? ஒண்ணுமில்ல, ஈ மொய்க்குதுன்னு துணி போட்டு மூடி வெச்சுருக்கேன். செருப்பு வாரு கடிச்சதுன்னு நெனச்சேன். நேத்துப் படகுல எறங்குறப்பதான் பாத்தேன், ஒரே ஈரம். இல்ல, யாருகிட்டயும் சொல்லல. நீ பாக்குறியா? பாரு. மூஞ்சிய ஏன் அப்படி வெச்சுக்குற, வாட வருதா?

ஒரு ஒதவி பண்ணு. நல்லா இருக்குற தோலா ஒரு எடம் பாத்து, அந்தச் சுண்டு விரலுகிட்ட, ஒரு கிள்ளு கிள்ளு. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். எனக்கே கிள்ளிப் பாக்க பயமா இருக்கு. நல்லா நகத்த வெச்சுக் கிள்ளும்மா, கோவிச்சுக்க மாட்டேன்.

ம், கிள்ளு.

என்ன யோசிக்கிற, கிள்ளு.

ஏன் அழுவுற?

கிள்ளிட்டியா?