மூடியில் ஏழு துளைகள்

கலைவாணி, நீ சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்த கையோடு தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாய். அது வேண்டாம். இலை ஈரத்தோடு கிடந்தால் நத்தை வரும். காலையில் வேரில் மட்டும் ஊற்று, போதும்.

நேற்று நீ என்னிடம் இரண்டு கேள்வி கேட்டாய். நீ குடிவந்திருக்கும் வீட்டின் கொல்லை முழுக்க யார் இப்படி சிமெண்டு பூசியது என்பது ஒன்று. விடிந்ததும் மதிலோரம் டப்பாவோடு என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். நேரில் சொன்னால் குறுக்கே பேசுவாய் என்று எழுதித் தருகிறேன். கூட வைத்திருக்கும் கத்திரிக்காய் என் தோட்டத்தில் காய்த்தது. அரிந்து பார், ஒன்றில்கூடப் புழு இருக்காது.

செஞ்சியில் தோட்டம் போடுகிறவர்களுக்கு முதல் எதிரி வெயில். பங்குனி பிறந்தால் கோட்டைப் பாறைகள் காய ஆரம்பித்து, பொழுது சாய்ந்த பிறகும் அடுப்புக் கல் மாதிரி வெக்கையை விடும். அப்போது எதையும் விதைக்காதே. மண்ணைக் கொத்திக் காயப்போடு, செம்பருத்திக்குப் பழைய புடவையைப் பந்தலாகக் கட்டு. பூசணி, பீர்க்கு, அவரை எல்லாம் ஆடியில் போடு. ஆவணியில் கொடி ஓடும். அந்தச் சமயம் பார்த்து இரண்டாவது எதிரி வருவான். பூச்சி.

நாங்கள் சமணர்கள். மருந்து அடிக்க மாட்டோம். முப்பது வருஷமாகத் தோட்டம் வைத்திருக்கிறேன், ஒரு புழுவைக்கூட நான் கொன்றதில்லை. அதில் எனக்குப் பெருமைதான். பெருமைப்படுவதும் பாவம் என்பார்கள், அதற்குத் தனியாக ஒரு நாள் உபவாசம் இருந்துகொள்கிறேன்.

கொல்லாமல் எப்படி என்று கேட்பாய். விடியற்காலை ஈரத்தில் பூச்சிகள் அசந்து கிடக்கும். பூசணி இலையில் இருக்கும் சிவப்பு வண்டைப் பூப்போலத் தட்டினால் டப்பாவில் விழுந்துவிடும். பச்சைப்புழுவை இலையோடு கிள்ளிவிடலாம். நத்தைக்கு முட்டைகோஸ் தழையைப் போட்டுவைத்தால் தானே வந்து உட்காரும். மார்கழிப் பனியில் அவரையில் மொய்க்கும் அசுவினிப் பூச்சியைப் பெயிண்ட் பிரஷ்ஷால் தடவி எடுத்துவிட வேண்டும். பிடித்தவற்றை எங்கேயாவது விட்டாக வேண்டுமே. ரோட்டில் விட்டால் பஸ் சக்கரத்தில் நசுங்கும். அதனால் மதிலுக்கு அந்தப் பக்கம் விட்டேன்.

அந்தப் பக்கம் மீனம்பாளின் தோட்டம் இருந்தது. உனக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவள், என்னைவிடப் பத்து வயது சின்னவள். என் வீட்டுக்காரர் அஜித்நாதன் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

“ஜ்வாலா, அதுங்க அங்க போயி பட்டினியா கெடக்கும்னு நெனச்சியா?”

“அந்தக் கவலைலதான் அவ பூசணிக் கொடி பக்கமா விடறேன்,” என்றேன்.

அவர் மோர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அந்தப் பூசணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மீனம்பாளின் மகள் பூங்குழலிக்கு எட்டாம் மாதமே குழந்தை பிறந்து, பிழைக்குமா என்று இருந்தது. அப்போது இவள் மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். குழந்தை பிழைத்தால், தன் கையால் விதைத்துத் தன் கொல்லையில் விளைந்த கல்யாணப் பூசணியைத் தை அமாவாசைக்குக் கொண்டுவந்து படைப்பதாகவும், அதற்குப் பிறகே குழந்தைக்கு மொட்டை போடுவதாகவும். குழந்தை பிழைத்தது. நிலா என்று பேர் வைத்தார்கள். இனி பூசணி காய்க்க வேண்டியதுதான் பாக்கி.

முதல் வருஷம் கொடி நாலு இலை விட்டதும் வண்டு அரித்துவிட்டது. இரண்டாம் வருஷம் பூவோடு போயிற்று. மீனம்பாள் என்னிடம் வந்து கையை விரித்துக் காட்டினாள்.

“எங்கை சரியில்லக்கா. உங்க பக்கம் பாருங்க, எப்படிக் காய்க்குது. நான் வச்சா எல்லாம் கருகுது.”

எனக்கு மனசு கேட்கவில்லை. என் தோட்டத்துப் பூசணியில் பெரிதாகப் பார்த்து ஒன்று கொடுத்தேன். தன் கையால் விளைந்ததுதான் ஆகும் என்று அழுதுகொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதைக் கூட்டு வைத்தோம், நன்றாக இருந்தது.

மூன்றாம் வருஷம் அவள் கடைவீதியில் பூச்சி மருந்து வாங்கிவந்தாள். அந்த வாசனை வந்ததும் நானே மதிலோரம் போய், “வாயில்லாத ஜீவன் மீனா, அந்தப் பாவத்தப் பண்ணிட்டு சாமிக்குப் படைக்கலாமா?” என்றேன். மருந்து டப்பாவை மூடிவைத்துவிட்டாள். நல்ல மனசு அவளுக்கு.

அந்த வருஷம் ஐந்து விதை போட்டு நாலு முளைத்தது. ஒரு கொடியில் தேங்காய் அளவுக்குப் பிஞ்சு பிடித்தது. வைக்கோல் பரப்பி, மேலே பழைய முறத்தைக் கவிழ்த்துக் காவல் காத்தாள். நானும் பன்னிரண்டு நாள் அந்தப் பக்கம் ஒரு பூச்சிகூட விடவில்லை. அந்தப் பன்னிரண்டு நாளில் என் பீர்க்கு இலை சல்லடை ஆகிவிட்டது. பதின்மூன்றாம் நாள் நத்தை மட்டும் கொஞ்சம் விட்டேன். நத்தை மெதுவாகத்தானே போகும் என்று நினைத்தேன். அடுத்த வாரம் பிஞ்சு அழுகிப்போயிற்று.

என்னைத் தப்பாக நினைத்துவிடாதே. ஆவணியில் பத்து நாள் விரதம் முடிந்ததும், தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழைக்கு எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கம். ஒரு வருஷம் தவறாமல் முதல் ஆளாக மீனம்பாள் வீட்டுக்குத்தான் போவேன்.

“நீங்க இன்னாக்கா செஞ்சீங்க, எறும்பு போனாலே ஒதுங்கி நிக்கறவங்க. மன்னிச்சேன், போதுமா?” என்று சிரிப்பாள். அத்தோடு அந்த வருஷத்துப் பாவம் அந்த வருஷமே தீர்ந்துவிடும்.

அந்தப் பிஞ்சும் போன பிறகு, மாசியில் மீனம்பாள் கொத்தனாரைக் கூப்பிட்டுக் கொல்லை முழுக்க சிமெண்டு பூசினாள். பிறகு வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுத் திண்டிவனத்தில் மகளோடு போய் இருக்கிறாள். நிலாவை இப்போது பால்வாடியில் சேர்த்துவிட்டார்களாம். மொட்டை போடாத முடி இடுப்புவரை வந்துவிட்டதாம். மீனம்பாள் அதற்குத் தலை பின்னுவதில்லை, தூக்குவதும் இல்லை. போனில் கேட்டேன். “எங்கை பட்டா வாடிடுமோன்னு பயமா இருக்குதுக்கா,” என்றாள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பழம் மட்டும் சாப்பிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் துவைக்கிற கல் பக்கத்தில் சிமெண்டு விரிசலில் ஒரு கொடி தலைகாட்டியிருக்கிறதே, இது என்ன செடி என்று முந்தாநாள் கேட்டாய். அது கல்யாணப் பூசணி. முளைக்காமல் போன அந்த ஐந்தாவது விதை, ஆடி மழைக்கு வந்திருக்கிறது. மீனம்பாள் தன் கையால், தன் கொல்லையில் விதைத்தது. என் அனுபவத்தில் சொல்கிறேன், இவ்வளவு தெம்பான கொடியை நான் பார்த்ததில்லை. தை அமாவாசைக்குக் கட்டாயம் காய் முற்றிவிடும். அவள் பார்த்தால் விதைத்த தன் கையையே எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது. அவசரப்பட்டு அவளுக்கு இப்போதே போன் போடாதே, ஆசைகாட்டிய மாதிரி ஆகிவிடும்.

வருகிற திங்கட்கிழமை விரதம் முடிகிறது. மன்னிப்புக் கேட்க இனி உன் வீட்டுக்குத்தான் முதலில் வருவேன், மறுக்காமல் மன்னித்துவிடு.

டப்பாவைப் பற்றிக் கேட்டாயே. அது பழைய ஹார்லிக்ஸ் டப்பா. நேற்று அதில் சிவப்பு வண்டு முப்பதுக்கு மேல் இருந்தது, எல்லாம் உயிரோடு உன் பக்கம் இறங்கிவிட்டன. உள்ளே இருக்கிற கொஞ்ச நேரத்துக்குக்கூட மூச்சு முட்டக் கூடாதே என்று, மூடியில் ஊசியால் ஏழு துளை போட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பக்கத்து வீட்டு ஜ்வாலாமாலினி