ரோஜாப்பூ, கீழே காலை வணக்கம்

இந்த மலையில் துணி சீக்கிரம் காயாது, மேடம். இரண்டு நாள் தங்கி விசாரிப்பதாக இருந்தால் மாற்றுத்துணி கூடுதலாகக் கொண்டுவந்திருக்கலாம். நான் வந்த புதிதில் ஈரச் சட்டையோடுதான் வகுப்புக்குப் போவேன். எங்கள் ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே, கடற்கரை. இங்கே வந்து எட்டு வருஷமாகிறது.

என் வேலை என்ன என்று கேட்டீர்கள். இந்த விடுதிப் பள்ளியில் பார்வையில்லாத பிள்ளைகள் சிலர் படிக்கிறார்கள். அவர்களுடைய போனில் ஒரு குரல் உண்டு. திரையில் இருக்கும் எழுத்தையெல்லாம் அது வாசித்துக்கொண்டே போகும். படம் வந்தால் மட்டும் 'படம்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று எழுதிவைப்பவன் நான். இதயத்தின் குறுக்குவெட்டு, பழைய நாணயம், தவளை வளரும் விதம், எல்லாம் எழுதியாகிவிட்டது. நன்றாக இருக்கிறது என்றோ மோசம் என்றோ யாரும் சொன்னதில்லை. கண் உள்ளவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

தேன்மொழி வந்த பிறகுதான் நான் எழுதியதை ஒரு ஆள் முழுசாகக் கேட்டது. இதே மலையில் ஆலத்தூர் நாட்டுப் பெண். ஏழு வயதில் காய்ச்சல் வந்து கருவிழி இரண்டும் வெளுத்துவிட்டது. இப்போது பதினாறு. போன் குரலை மூன்று மடங்கு வேகத்தில் வைத்துக் கேட்பாள். மற்றவர்களுக்கு அது வண்டு இரைகிற மாதிரி இருக்கும். பக்கத்திலேயே உட்கார்ந்து எனக்கும் அது பழகிவிட்டது.

"சார், தவளைக்கு மொதல்ல முன்னங்கால் வருமா, பின்னங்காலா? நீங்க எழுதுனதுல ரெண்டும் ஒரே நாள்ல மொளச்சுருச்சுங்க" என்பாள். திருத்துவேன்.

சென்னையிலிருந்து ஓம்பிரகாஷ் என்ற நிபுணர் வருவார். புதுச் செயலிகளையெல்லாம் முதலில் இவளிடம்தான் கொடுத்துப் பார்ப்பார். "இந்தப் பொண்ணு சரின்னா தமிழ்நாடே சரின்னு அர்த்தம் சார்" என்பார். படத்துக்கு விளக்கம் எழுதும் இந்தத் திட்டம் நிற்காமல் ஓடுவதே அவளால்தான்.

சாயங்காலம் மேகம் இறங்கும்போது வராந்தாவில் வந்து உட்காருவாள்.

"இப்ப எங்கெ இருக்குதுங்க மேகம்?"

"பலாமரம் வரைக்கும் வந்தாச்சு."

"மரம் தெரியுதுங்களா?"

"பாதி."

"மீதிய மேகம் தின்னுருச்சாக்கும்."

என்னிடம் யாராவது எதையாவது கேட்டு அதற்கு முன் ரொம்ப நாளாகியிருந்தது.

போன வருஷம் சேலம் கண் ஆஸ்பத்திரிக்காரர்கள் இங்கே முகாம் நடத்தினார்கள். நான்தான் அவளைக் கூட்டிப்போனேன். அவள் அம்மா பாவாயியும் வந்திருந்தார். தானமாகக் கருவிழி கிடைத்தால் மாற்றிவிடலாம், பார்வை வரும் என்றார் டாக்டர். அதுவரை கண்ணுக்குள் அழுத்தம் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், சொட்டுமருந்தின் பெயரைப் போனுக்கு அனுப்புகிறோம், கருவிழி வந்தாலும் சொல்கிறோம் என்றார். பாவாயியிடம் போன் கிடையாது. தேன்மொழியின் நம்பரைக் கொடுத்தோம். அவசரத்துக்கு என் நம்பரும்.

எழுத்தைப் படமாக அனுப்பாதே என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். கண் டாக்டர்களுக்கே அது தெரியவில்லை. சீட்டில் எழுதி, அதைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள்.

"சார், ஆசுபத்திரி நம்பர்ல இருந்து ஒரு படம் வந்துருக்குதுங்க. என்னன்னு பாருங்க" என்று போனை நீட்டினாள்.

பார்த்தேன். "ரோஜாப்பூ. கீழே காலை வணக்கம்னு போட்டிருக்கு" என்றேன்.

"இவங்களுமா? எங்க சித்தப்பன் அனுப்பற பூவே போன் கொள்ள மாட்டேங்குது" என்று சிரித்தாள். 'வணக்கம் டாக்டர், நன்றிங்க' என்று பதில் அனுப்பினாள். தகவல் சேர்ந்துவிட்டது என்று அங்கே எடுத்துக்கொண்டார்கள்.

நான் அதைத் திட்டம் போட்டுச் சொல்லவில்லை. வாயில் வந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தபோது தப்பாகத் தெரியவில்லை. நீங்களும் யோசியுங்கள். இப்போது அவள் ஒரு நாளில் ஒரு புத்தகம் கேட்டு முடிக்கிறாள். கண் வந்தால் பதினாறு வயதில் எழுத்துக்கூட்ட ஆரம்பிக்க வேண்டும். நிபுணர்கள் வேறு பிள்ளையைத் தேடிப் போய்விடுவார்கள். பள்ளியை முடித்து, மிளகு பறிக்க மரம் ஏறுகிற பத்துப் பெண்களில் ஒருத்தியாக ஆகிவிடுவாள். மேகத்தை அவளே பார்த்துக்கொள்வாள்.

இரண்டாவது படம் மழைக்காலத்தில் வந்தது. கருவிழி கிடைத்திருக்கிறது, நாளைக் காலைக்குள் சேலத்தில் இருக்க வேண்டும். மலை உச்சியில் சூரியன் உதிக்கிறது என்று சொன்னேன். பொங்கலுக்குப் பிறகு இன்னொரு கருவிழி கிடைத்து, அதே மாதிரி மூன்றாவது படம் வந்தது. குத்துவிளக்கு என்றேன். இரண்டு கருவிழியும் வீணாகப் போகவில்லை. வேறு ஆட்களுக்கு வைத்துவிட்டார்கள். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இடையில் அவளுக்குத் தலைவலி வந்தது. "பொட்டுல அடிக்குதுங்க சார், முழி பிதுங்கி வராப்புல இருக்குது" என்றாள். தைலம் வாங்கிக் கொடுத்தேன். சில நாள் காலையில் வாந்தி எடுத்தாள். விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். ரொம்ப முடியாத நாட்களில் பாடம் வேண்டாம், படுத்துக்கொள் என்று நானே விட்டுவிட்டேன்.

பாவாயி ஞாயிற்றுக்கிழமைகளில் மரவள்ளிக்கிழங்கு அவித்து எடுத்துக்கொண்டு வருவார். எனக்கும் தனியாக ஒரு பங்கு இருக்கும்.

"ஏனுங்க சார், கண்ணாசுபத்திரில ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இன்னும் இல்லம்மா."

"சரிங்க, வரப்ப வரட்டும். அதுவரைக்கும் எம்புள்ளைக்கு நீங்கதான கண்ணு. நீங்க இருக்கறப்ப எங்களுக்கென்னங்க கவலை."

அவரே அப்படிச் சொல்கிறார்.

வைகாசியில் ஓம்பிரகாஷ் புதுச் செயலி ஒன்று கொண்டுவந்தார். படத்துக்குள் இருக்கும் எழுத்தையும் அது வாசிக்கும். இனிமேல் உங்கள் வேலை பாதியாகக் குறைந்துவிடும் என்று என் தோளைத் தட்டினார். சோதித்துப் பார்க்க ஏதாவது படம் வேண்டும் என்றார். தேன்மொழி தன் போனில் சேர்த்துவைத்திருந்ததைத் திறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்று படங்கள்.

குரல் அவளுடைய வேகத்தில் ஓடியது. மருந்தின் பெயர், தேதி, கருவிழி, சேலம், உடனே வரவும். அந்த அறையில் அது புரிந்தது இரண்டு பேருக்குத்தான்.

"எப்படி தேன்மொழி, கரெக்டா படிக்குதா?" என்று ஓம்பிரகாஷ் கேட்டார்.

"கரெக்டா படிக்குதுங்க சார்" என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "சவரி சார், அந்த ரோஜா என்ன கலருங்க?"

"மஞ்சள்" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டாள்.

மறுநாள் சேலத்துக்குக் கூட்டிப்போனார்கள். அழுத்தம் ஏறி ஏறிக் கண் நரம்பு செத்துவிட்டது, இனிமேல் கருவிழி மாற்றிப் பிரயோஜனமில்லை என்று சொல்லிவிட்டார்கள். பாவாயி திரும்பி வந்து என் முன்னால் நின்றார். "ஏஞ் சாமி?" என்று மட்டும் கேட்டார்.

உங்களுக்கு வந்த புகாரை அவளே தட்டச்சு செய்தாள். பார்த்திருப்பீர்கள், ஒரு எழுத்துப்பிழை கிடையாது. நான் சொல்லிக்கொடுத்தது.

புகாரில் இல்லாத ஒன்றும் இருக்கிறது. அவளுக்குத் தெரியாது, அதனால் நானே சொல்கிறேன். இரண்டாவது படத்துக்கு அவர்கள் வரவில்லை என்றதும் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் ஆரோக்கியமேரி எனக்குப் போன் செய்தார். அம்மாவுக்குப் பயம், ஆபரேஷன் வேண்டாம் என்கிறார் என்று சொன்னேன்.

"மலை ஜனங்க அப்படித்தான் சார். நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க" என்றார். சொல்கிறேன் என்றேன். மூன்றாவது படத்துக்கும் வராதபோது அவரே கெஞ்சினார். மருந்தாவது ஒழுங்காக விடுகிறார்களா என்று கேட்டார். விடுகிறார்கள் என்றேன். ஆகவே வாயில் வந்துவிட்டது என்று முன்னால் சொன்னேனே, அது முதல் படத்துக்கு மட்டும். மற்றதெல்லாம் யோசித்துச் செய்தது.

என்னை மாற்றல் செய்வீர்கள், அல்லது போலீசில் கொடுப்பீர்கள். உங்கள் இஷ்டம். ஆனால் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். இனி அவளுக்கு ஆயுசு முழுக்கப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். செயலி எழுத்தைத்தான் வாசிக்கும், வாசலில் நிற்பது யார் என்று சொல்லாது. என்னிடம் அவள் இப்போது பேசுவதில்லை, அது போகப்போகச் சரியாகிவிடும். என் இடத்துக்குப் புதிதாக ஒருவரை அனுப்புகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அவர் இருப்பதை இருக்கிறபடி அவளிடம் சொல்வார் என்பதற்கு என்ன உத்தரவாதம், மேடம்?